உடையவரைத் தேடி அழும் பொருள்



புனித சின்னப்பர் சிறையிலிருந்து திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் கடைசி அதிகாரத்தைக் கோவிலில் வாசிக்கக் கேட்டிருப்பீர்கள். நல்ல போராட்டத்தைப் போராடி முடித்ததாகவும், தமக்கென முடி ஒன்று வைக்கப்பட்டிருப்பதாகவும் அப்போஸ்தலர் கூறும் பகுதி அது. அடக்கச் சடங்குகளில் அதையே வைத்துப் பிரசங்கம் செய்கிறோம். ஆனால் அதற்குச் சில வரிகள் தள்ளி, 13-ஆம் வசனத்தில் வருவதைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்வதில்லை. துரோவா பட்டினத்தில் கார்ப்பு என்பவருடைய வீட்டில் தாம் விட்டுவந்த மேலாடையை எடுத்துவரச் சொல்கிறார். ஏடுகளையும், சிறப்பாகத் தோற்சுருள்களையும் மறவாமல் கொண்டுவரச் சொல்கிறார். குளிர்காலத்துக்கு முன் வந்துவிடும்படி 21-ஆம் வசனத்தில் கெஞ்சுகிறார்.

தலை வெட்டப்படும் நாளை எதிர்பார்த்திருந்தவருக்கு ஒரு பழைய போர்வை எதற்கு? குருமடத்தில் இதைப் படித்தபோது நாங்கள் இளைஞர்கள் எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம். சாகாமத்தில் ஒரு தாயாரைச் சந்தித்த நாளிலிருந்து நான் சிரிப்பதில்லை.

சாகாமத்தை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அம்பாறைக் கரையோரத்தில் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் ஊர்களைக் கடந்து, திருக்கோவில் பக்கமாக உள்ளே போனால் குளமும் வயலுமாகக் கிடக்கும் ஊர் அது. இந்தக் கரையோரத்தில் புகையிரதப் பாதை இல்லை. தண்டவாளம் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. ஆகவே நம் மக்கள் கொழும்புக்குப் புகையிரதத்தில் போவதானால் முதலில் பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போகவேண்டும். பிறகு வாழைச்சேனை, பொலன்னறுவை, கல்ஓயாச் சந்தி, மாகோ என்று ஏறக்குறைய 350 கிலோமீற்றர். வழியில் காட்டு யானைகள். 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே ஒரு யானைக் கூட்டத்தில் புகையிரதம் மோதி ஆறு யானைகள் இறந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். வயது போனவர்களுக்கு இந்தப் பயணம் ஒரு தவமுயற்சியே.

சில வருடங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை மாலை, அங்குள்ள நாலைந்து குடும்பங்களுக்காக ஒரு வீட்டுத் திண்ணையில் திருப்பலி நிறைவேற்றினேன். பூசை முடிந்து எல்லோரும் போனபின் எழுபது வயதை அண்மித்த ஒரு தாயார் மட்டும் சுவரில் சாய்ந்தபடி இருந்தார். கணவர் வழியால் வேதத்தில் சேர்ந்தவர். கழுத்தில் அந்தோனியார் சுரூபம். கிட்டப் போனேன்.

“சுவாமி, என்ட மகனக் கோச்சிக்குள்ள விட்டுட்டு வந்திட்டன்” என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகன் 1990-இல் காணாமற்போனவர் என்பது ஊருக்கே தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் விளக்கினாள். கொழும்பில் ஓர் அலுவலகத்துக்குப் பத்திரங்கள் காட்டப் போய், இரவு வண்டியில் திரும்பியிருக்கிறார். விடியற்காலம் மட்டக்களப்பில் இறங்கி, தூக்கக் கலக்கத்தோடு பஸ்சில் ஏறி, களுவாஞ்சிகுடி வந்தபோதுதான் மடியைத் தடவிப் பார்த்திருக்கிறார். பை இல்லை.

பைக்குள் இருந்தவை: மகனின் பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, அடையாள அட்டைப் பிரதி, பொலிசில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தார் கொடுத்த துண்டு, 1994-இல் நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவுக்குப் போன கடிதம், 2013-இல் வந்த ஆணைக்குழுவுக்குப் போன கடிதம், 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்டான அலுவலகத்துக்குக் கொடுத்த படிவத்தின் பிரதி. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு புகைப்படம். யாரோ ஒருவரின் கலியாணத்தில் எடுத்த படத்திலிருந்து வெட்டியது. பையனின் தோளில் வேறொருவரின் கை மட்டும் தெரியும். வேறு படம் கிடையாது.

புகையிரதத்தில் பொருளைத் தொலைத்தவர்கள் உலகில் எத்தனையோ பேர். அரேபிய லோரன்ஸ் என்று பேர்பெற்ற ஆங்கிலேயர் தாம் எழுதிய பெரிய நூலின் கையெழுத்துப் பிரதியை 1919-இல் இங்கிலாந்தின் ரெடிங் நிலையத்தில் வண்டி மாறும்போது பறிகொடுத்தார். அது கிடைக்கவேயில்லை. மனிதர் உட்கார்ந்து நினைவிலிருந்து மறுபடியும் எழுதினார். எழுத்தாளனுக்கு அது முடியும். இந்தத் தாயார் எதை மறுபடி எழுதுவார்?

மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு மட்டக்களப்பு நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் பொறுமையான மனிதர். புத்தகத்தைத் திறந்து கேட்கத் தொடங்கினார். எத்தனையாம் பெட்டி? தெரியாது. ஆசன இலக்கம்? தெரியாது, யன்னல் கரை, கதவடியிலிருந்து மூன்றாவது. பையின் நிறம்? பச்சை, வெளிறினது, ஒரு பிடி அறுந்து நைலோன் கயிறு போட்டுக் கட்டினது. உள்ளே என்ன? அப்போதுதான் அந்த அம்மா நிமிர்ந்தார். ஒவ்வொரு கடதாசியையும், அடுக்கியிருந்த வரிசை பிசகாமல், திகதியோடு சொன்னார். நாம் பிரார்த்தனைமாலை சொல்வோமே, அந்த மாதிரி. எழுதிக்கொண்டிருந்தவர் இடையில் பேனையை வைத்துவிட்டார். பிறகு கொழும்புக் கோட்டைக்குத் தொலைபேசியில் பேசினார். வண்டியின் பெட்டிகளைப் பார்த்துவிட்டார்களாம். பச்சைப் பை எதுவும் ஒப்படைக்கப்படவில்லை.

திரும்பும்போது பஸ்சில் அம்மா அந்தோனியாரோடு கோபித்துக்கொண்டு வந்தார். “கொச்சிக்கடைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திட்டுத்தானே வந்தனான்” என்றார். காணாமற்போன பொருளுக்கு நாம் அந்தோனியாரை ஏன் தேடுகிறோம் என்பது சிலருக்குத் தெரியாதிருக்கலாம். 1195-இல் லிஸ்பனில் பிறந்து 1231-இல் பதுவையருகே மரித்த அந்தப் புனிதர், தமது கைக்குறிப்புகள் எழுதிய சங்கீதப் புத்தகம் ஒன்றை வைத்திருந்தார் என்றும், மடத்தை விட்டு ஓடிய ஒரு புதுத்துறவி அதை எடுத்துக்கொண்டு போனான் என்றும், புனிதர் வேண்டிக்கொள்ள அவனே மனந்திரும்பிக் கொண்டுவந்து கொடுத்தான் என்றும் மரபு. கவனியுங்கள்: புத்தகம் தானாகப் பறந்து வரவில்லை. எடுத்தவன் மனம் மாறி, திரும்பி நடந்து வந்தான். நாம் அந்தோனியாரிடம் பொருளைக் கேட்கிறோம். உண்மையில் கேட்பது, எங்கோ இருக்கும் முன்பின் தெரியாத ஒருவருடைய மனச்சாட்சியை.

நிற்க. கண்டெடுத்த பொருளைப் பற்றித் திருச்சபை என்ன கற்பிக்கிறது? நம் குடும்பங்களில் இதைப் பாவமென்று நினைப்பவர் குறைவு என்றே எண்ணுகிறேன். ‘களவெடுக்கவில்லை, விழுந்து கிடந்தது, எடுத்தேன்’ என்று பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்லாமலே விட்டுவிடுகிறோம். 1992-இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 2409-ஆம் எண்ணில், இரவல் வாங்கியதையும் கண்டெடுத்ததையும் வேண்டுமென்றே வைத்துக்கொள்வது ஏழாம் கற்பனைக்கு விரோதமென்று கூறுகிறது. இது புதுப் போதனையன்று. பழைய ஏற்பாட்டில், முன்னர் உபாகமம் என்று வழங்கிய இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரம், வழிதப்பிய அயலானின் மாட்டைக் கண்டால் பாராமுகமாய்ப் போகாதே என்கிறது. அவன் யாரென்று தெரியாவிட்டால், அவன் தேடி வருமட்டும் உன் வீட்டில் வைத்துக் காப்பாற்று என்கிறது. மாட்டுக்கு மட்டுமல்ல, உடைக்கும், தொலைந்த எந்தப் பொருளுக்கும் அதே சட்டம். யாத்திராகமம் 23-ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே வழிதப்பிய மாடு அயலானுடையதன்று, பகைவனுடையது.

குருமடத்தில் எங்களுக்கு ஒழுக்கவியல் படிப்பித்த வயோதிபக் குரு ஒரு லத்தீன் வாக்கியத்தை அடிக்கடி சொல்வார்: “ரேஸ் கிளாமாத் தோமினோ”. பொருள் தன் உடையவனைக் கூவி அழைக்கிறது என்பது கருத்து. யாருடைய கையில் இருந்தாலும் அது உடையவனைத்தான் கூப்பிடும்.

நாட்டுச் சட்டமும் இதை அறியும். 1883-ஆம் ஆண்டின் நமது தண்டனைச் சட்டக்கோவை, 1860-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது. அந்த இந்தியச் சட்டத்தின் 403-ஆம் பிரிவில் இதற்கு உதாரணங்களே தந்திருந்தார்கள். தெருவில் ஒரு ரூபாயைக் கண்டு, யாருடையதென்று தெரியாமல் எடுப்பவன் குற்றவாளியல்ல. ஒரு கடிதத்தையும் அதற்குள் பணத்தாளையும் கண்டு, விலாசத்தைப் படித்து உரியவரை அறிந்துகொண்ட பிறகும் வைத்துக்கொள்பவன் குற்றவாளி. உடையவனைக் கண்டுபிடிக்க வழியிருந்தும் தேடாதவனைச் சட்டம் விடுவதில்லை.

இனிக் கதைக்கு வருகிறேன். சனிக்கிழமை பின்னேரம், முறைப்பாட்டுக் கடிதத்தின் பிரதியைக் கொடுப்பதற்காக மறுபடியும் சாகாமம் போயிருந்தேன். முற்றத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தொப்பியும் தாடியுமாக ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கினார். பின்னால் ஒரு இளைஞன். அவன் கையில் பச்சைப் பை.

வந்தவர் மருதமுனைக்காரர். நெசவுக்குப் பேர்போன ஊரல்லவா? சாரம், சேலை கொண்டுபோய்க் கொழும்புக் கடைகளுக்குப் போடுகிறவர். அதே வண்டியில், அதே பெட்டியில் வந்திருக்கிறார். மட்டக்களப்பில் எல்லோரும் இறங்கியபின் ஆசனத்தில் பை கிடந்ததைக் கண்டாராம். எடுக்கக் கை நீட்டியவர், நிறுத்திக்கொண்டாராம்.

“பாதர், ஒளிக்காமச் சொல்றேன். பயந்துட்டேன். 2019-க்குப் பொறகு, எங்கட ஆள் ஒருத்தன் கோச்சிக்குள்ள ஆரோட பையோ தூக்கிட்டுப் போனா என்ன நினைப்பாங்க? அதுக்குள்ள என்ன கெடக்கோ, அதுவும் பயம். எறங்கி நடந்துட்டேன்.”

வாசகர்களே, 2019 ஏப்ரல் 21-ஆம் திகதியை நமக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, நமது மட்டக்களப்பில் சீயோன் ஆலயம். 250-க்கு மேற்பட்ட உயிர்கள். அன்று தொட்டு, உடையவரில்லாத ஒரு பையை நாம் யாரும் பழைய கண்ணால் பார்ப்பதில்லை. பை மட்டுமா, பக்கத்து ஆசனத்தில் இருக்கும் மனிதரையும் பழைய கண்ணால் பார்ப்பதில்லை. ஐந்தாம் நாள், ஏப்ரல் 26-ஆம் திகதி, சாய்ந்தமருதில் மறைந்திருந்த கூட்டத்தாரைப் பற்றித் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே என்பதை நம்மில் எத்தனை பேர் நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

மேடையின் பாதியில் அவர் திரும்பியிருக்கிறார். ஏன் திரும்பினீர்கள் என்று கேட்டேன். பிடியில் கட்டியிருந்த நைலோன் கயிறுதான் காரணமாம். “ஏழைப் பை, பாதர். அறுந்தத கட்டி வெச்சிருக்காங்க. குண்டு வெக்கிறவன் கயிறு கட்டிக்கிட்டு இருப்பானா?” என்றார். எடுத்துக்கொண்டு நேரே ஊருக்கு வந்து பள்ளிவாசலில் ஒப்படைத்தார். நியாயப்படி நிலைய அதிபரிடம் கொடுத்திருக்கவேண்டும். கொடுத்திருந்தால் அந்த அம்மாவுக்கு மூன்று இரவு நித்திரை கெட்டிராது. அதை அவரிடம் சொன்னேன். அவரும் ஏற்றுக்கொண்டார். ஆனால் எங்கே கண்டாய், ஏன் தொட்டாய், திறந்தாயா என்ற கேள்விகளுக்கு நின்று பதில் சொல்லும் துணிவு தமக்கு வரவில்லை என்றார். நான் மேற்கொண்டு பேசவில்லை.

அவர்களுடைய மார்க்கத்தில் கண்டெடுத்த பொருள் ஓர் அமானிதமாம். அதன் உறையையும் கட்டிய கயிற்றையும் நன்றாய் அடையாளம் பார்த்துவைத்து, ஒரு வருடம் வரை அறிவிக்கவேண்டுமாம். கேட்டு வருகிறவரிடம் அந்த அடையாளத்தையே விசாரிக்கவேண்டுமாம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஒலிபெருக்கியில், மட்டக்களப்புப் புகையிரதத்தில் ஒரு பச்சைப் பை என்று கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. அதன்பின் நம்பிக்கையாளர்கள் கூடி, சாட்சிகள் முன் திறந்து, உள்ளே இருந்தவற்றைப் பட்டியல் எழுதினார்கள். விலாசம் தெரிந்தது. மறுநாளே அவர் மகனையும் ஏற்றிக்கொண்டு, கல்முனை, அக்கரைப்பற்று எல்லாம் தாண்டி வந்துவிட்டார்.

எனக்குப் புனித அகுஸ்தினாரின் 178-ஆம் பிரசங்கம் நினைவுக்கு வந்தது. மிலான் நகரில் தாம் இருந்த காலத்தில் நடந்ததென்று புனிதர் கூறுகிறார். ஓர் இலக்கண ஆசிரியரிடம் வாசற்காவல் செய்த பரம ஏழை, ஏறக்குறைய 200 பொற்காசு கொண்ட பையைக் கண்டெடுத்தான். உடையவன் தெரியாதபடியால் பொது இடத்தில் அறிவித்தல் ஒட்டினான். வந்தவனிடம் பையின் தன்மை, முத்திரை, காசின் தொகை எல்லாம் விசாரித்து, சரியென்று கண்டபின் கொடுத்தான். உடையவன் மகிழ்ந்து 20 காசு நீட்டினான், வேண்டாம் என்றான். 10 நீட்டினான், வேண்டாம். 5 ஆவது எடு என்றான், அதுவும் வேண்டாம். ‘நீ வாங்காவிட்டால் நான் ஒன்றையும் தொலைக்கவில்லை’ என்று அவன் பையையே எறிந்துவிட்டான். வேறு வழியின்றிக் காவலாளி அந்தச் சிறு தொகையை வாங்கி, அங்கேயே ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டான். எசமானர் புறச்சமயத்தவர், காவலாளியோ கிறிஸ்தவன். ஆசனத்திலிருந்தவரைவிட வாசலில் நின்றவன் மேலானவன் என்று புனிதர் பெருமைப்படுகிறார். மிலானில் அப்படி. சாகாமத்தில் யார் வாசலில் நின்றவர் என்று பார்த்தீர்களா?

அம்மா பையை வாங்கியதும் முதலில் படத்தைத்தான் எடுத்தார். பிறகு கடதாசிகளை வரிசைப்படி அடுக்கினார். வந்தவர்களுக்கு இருக்கச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. எனக்குச் சங்கடமாயிருந்தது. 1990-இல் நான் சிறுபிள்ளை. அந்த ஓகஸ்ட் மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசலிலும், ஏறாவூரிலும், வீரமுனைக் கோவிலிலும் நடந்தவை நான் பிறகு கேட்டு அறிந்தவை. அந்த அம்மாவுக்கும் வந்த மனிதருக்கும் அவை கேட்டறிந்தவை அல்ல. முற்றத்தில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நின்றார்கள். பட்டியல் கடதாசியில் கையெழுத்து வேண்டுமென்றான் மகன். அம்மா என்னைப் பார்த்தார். நான் படித்துக் காட்டினேன். பதினான்கு பொருள்.

அதில் காசு இல்லை. பைக்குள் ஒரு லேஞ்சியில் முடிந்து மூவாயிரம் ரூபாய் வைத்திருந்ததாக அம்மா நிலையத்தில் சொல்லி, அது புத்தகத்திலும் எழுதப்பட்டிருந்தது.

இங்கே என் பாவத்தை அறிக்கையிடுகிறேன். அந்தக் கணத்தில் என் கண் அவருடைய சட்டைப்பைக்குப் போனது. அவர் பெட்டிக்குள் திரும்பிவருமுன் யார் யார் அந்த ஆசனத்தைக் கடந்தார்களோ, கடவுளுக்கே வெளிச்சம். ஆனாலும் என் கண் போன இடம் அது. அம்மா அதைக் கண்டுகொண்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். காசைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிறகு உள்ளே போய் இரண்டு கிளாசில் தேத்தண்ணீர் கொண்டுவந்து, தானே அவர்கள் கையில் கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை.

அவர்கள் போனபின் மெதுவாய்க் கேட்டேன், “காசு?”

“காசெண்டா ஆரும் எடுப்பான், சுவாமி. கடதாசிய ஆரு கொண்டந்து தருவான்?” என்றார்.

இருட்டிக்கொண்டு வந்தது. புறப்பட எழுந்தேன். அம்மா படத்தைக் கையில் வைத்துக்கொண்டே என்னோடு படலை வரை நடந்து வந்தார். ஏதோ கேட்கத் தயங்குவது தெரிந்தது.

“சுவாமி, அந்தக் காக்காட விலாசம் உங்களிட்ட இருக்குதானே?”

இருக்கிறது என்றேன். நன்றிக் கடிதம் எழுதச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

“பையக் கூப்பிட்ட மாதிரி, என்ட பிள்ளையையும் அவங்கட பள்ளியில ஒருக்காக் கூப்பிடச் சொல்லுவீங்களா? எல்லா இடமும் எழுதிக் குடுத்திட்டன். இப்பிடிச் சத்தமாக் கூப்பிட்டு ஒருத்தரும் கேக்கல்ல.”

பட்டியல் கடதாசியின் பிரதியைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் எழுதினேன். பேர் சொன்னார், எழுதினேன். ஊர் சாகாமம். இடது புருவத்தில் தழும்பு. காணாமற்போன வருடம் 1990. வயது என்ன போட என்று கேட்டேன்.

“பத்தொன்பது” என்றார்.